உங்கள் பக்கத்துக் காசித்தும்பை

அண்ணன்,

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்கில், உங்கள் படத்துக்கு முன்னால் நான் விழுந்து கும்பிட்டபோது என் இடுப்பில் சடசடவென்று ஏதோ வெடித்ததே, அது உங்கள் காசித்தும்பைக் காய்கள்.

நடந்தது இதுதான். ஐயர் கும்பம் வைத்துக்கொண்டிருந்தார். சனம் எல்லாம் முன்பக்கம். நான் கை கழுவுகிற சாட்டில் உங்கள் வேலியோரம் போனேன். காசித்தும்பைக் காய்கள் பருத்து, இளமஞ்சள் ஏறி, இன்றைக்கோ நாளைக்கோ வெடிக்கிற பதத்தில் தொங்கின. நீங்கள் இருந்திருந்தால் ஒவ்வொரு காய்க்கும் நுளம்பு வலைத் துண்டில் ஒரு தொப்பி தைத்துப் போட்டு, நூலால் கட்டியிருப்பீர்கள். கட்ட ஆளில்லை. இங்கும் அங்கும் பார்த்துவிட்டு ஒரு பிடி காயைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். பக்குவமாகத்தான் செருகினேன். ஆனால் என்னளவு வயிறுள்ள ஒரு மனிதன் நெடுஞ்சாண்கிடையாக விழும்போது வேட்டி மடிப்புக்கு என்ன கதி நேரும் என்று யோசிக்கவில்லை.

எழும்பியபோது விதைகள் வேட்டி வழியே உதிர்ந்து பாயில் உருண்டன. சில உங்கள் படையல் வாழையிலை வரைக்கும் போயின. "ஆரோ எள்ளுக் கொட்டிப்போட்டாங்க" என்றார் ஒரு கிழவி. ஐயர் எள்ளுக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். அது நிறைந்தே இருந்தது. அவருக்குக் குழப்பம். அக்கா மட்டும் குனிந்து ஒரு விதையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். உங்களோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவருக்கு எள்ளுக்கும் காசித்தும்பைக்கும் வித்தியாசம் தெரியாதா? அழுது வீங்கிய அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டிருந்தாத் தந்திருப்பன்தானே தம்பி. வேட்டிக்குள்ள என்னத்துக்கு?"

அப்படிக் கேட்டுவிட்டு உங்கள் விதைப் போத்தலைத் தூக்கி என் கையில் தந்தார்.

அந்தப் போத்தலை இன்று காலை திறந்தேன். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கிறது. இந்த வருஷத்து விதையைப் போட்டு மூடுவோமென்று மூடியைத் திருக, வாசம் எழும்பி முகத்தில் அடித்தது. வறுத்த அரிசி, காய்ந்த வேப்பிலை, மெழுகுதிரி. நீங்கள் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறபோது வரும் அதே வாசம். "என்ன தம்பி, அவசரமா?" என்று கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் நாய் ஜிம்மி நின்று கொட்டாவி விட்டான்.

உங்களைத் தவிர வேறு ஆரும் இந்த மடலை வாசித்தால், அவர்களுக்காக எங்கள் வளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். மாமிக்கு இரண்டு பெண்கள். ஆகவே வாவிக்கரை வளவை நடுவால் வேலி போட்டுப் பிரித்து இரண்டு வீடு கட்டி, பின்னால் கிணற்றடியில் தனக்கென்று ஒரு சின்ன வீட்டையும் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைகளை வெளியூரிலிருந்து இறக்கினார். மூத்த வீட்டுக்குப் பனிச்சங்கேணியிலிருந்து நீங்கள். இளைய வீட்டுக்குப் புளியந்தீவிலிருந்து நான். நீங்கள் அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கர். நான் செங்கலடிச் சந்தியில் போட்டோ பிரதி எடுக்கிற கடை. சகலன்மார் என்று ஊர் சொல்லும். என்னைக் கேட்டால், ஒரே மாமியிடம் புள்ளி எடுக்க வந்த இரண்டு பரீட்சைக்காரர்கள். நீங்கள் சில வருஷம் முந்தி வந்து முன்வாங்கைப் பிடித்துவிட்டீர்கள். எனக்குக் கிடைத்தது கரும்பலகை தெரியாத இடம்.

நான் மாப்பிள்ளையாக வந்த முதல் தை மாதம் உங்கள் முற்றத்தைப் பார்த்தது நேற்றுப் போல இருக்கிறது. வெறும் மணல் நிலம், உப்புச் சுவை தட்டுகிற கிணற்று நீர். அதில் சீனியாவும் வாடாமல்லியும் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் சந்தைக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வேலியோரம் காசித்தும்பை. சும்மா காசித்தும்பை இல்லை. வெள்ளை இதழில் யாரோ பேனாவை உதறியது போல ஊதா தெறித்த அடுக்குப்பூ. நான் புளியந்தீவுப் பட்டணத்துப் பெடியன். பூ என்றால் தேவாலய வாசலில் சாடிக்குள் நிற்பது, அல்லது கடையில் மாலையாகத் தொங்குவது. வாயைப் பிளந்து கேட்டேன்.

"இவ்வளவும் எங்க அண்ணன் வாங்கின?"

"வாங்கல்ல தம்பி. போன வருஷத்துப் பூதான் இது."

எவ்வளவு அடக்கமான பதில் என்று அன்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், றோட்டால் போகிற எவர் நின்று பார்த்தாலும் அதே வசனத்தை, அதே இடத்தில் மூச்சு விட்டு, சாரத்தை ஒருமுறை உதறிக் கட்டிக்கொண்டு சொல்வீர்கள். அடக்கத்தை இவ்வளவு ஒத்திகை பார்த்துச் செய்த மனிதரை நான் கண்டதில்லை. இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் என்னை நம்பவும் மாட்டீர்கள்.

பூ இருந்துவிட்டுப் போகட்டும். என் நெஞ்சைச் சுட்டது மாமியின் தட்டம்.

மாமி வெள்ளனக் குளித்து, ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, பித்தளைத் தட்டத்தோடு சாமிக்குப் பூ ஆய வருவார். கிணற்றடியிலிருந்து இரண்டு வழி. இடப்பக்கம் என் படலை. வலப்பக்கம் உங்கள் முற்றம். மாமி ஒருநாளும் இடப்பக்கம் திரும்பியதில்லை. ஆரம்பத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது. என் முற்றத்தில் அப்போது இருந்தவை உடுப்புக் காயப்போடும் கொடியும், காய்க்காத தோடை மரம் ஒன்றும். கொடியில் தொங்கிய என் சேட்டைச் சாமிக்குச் சாத்த முடியாதுதான். ஒருநாள் காலை கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நிற்கையில் மாமி அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மூத்தவர்ட பூ இல்லாட்டிப் பிள்ளையாருக்கு விடியாது புள்ள."

"சின்னவரும் வைக்கலாம்தானே அம்மா?"

"அவருக்குக் கடை வேலை. பாவம்."

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைப் பற்பசையோடு சேர்த்து விழுங்கினேன். இன்னும் செரிக்கவில்லை. அன்றைக்கே உங்களிடம் வந்து விதை கேட்டேன்.

நீங்கள் தந்தீர்கள். தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் உங்களைப் பற்றி ஊரெல்லாம் கதைத்துத் திரிய ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கும். அதையும் கெடுத்துவிட்டீர்கள். ஒவ்வொரு சித்திரையிலும் என்னை வேலியடிக்குக் கூப்பிட்டு, விதை எடுக்கிற விதத்தையும் காட்டுவீர்கள். சீனியாப் பூவைச் செடியிலேயே கருகக் காயவிட வேண்டும், தண்டும் கபில நிறமாக வேண்டும். பிறகு உள்ளங்கையில் கசக்கிச் சுளகில் போட்டு ஊத வேண்டும். கோழிக்கொண்டையைத் தலைகீழாகப் பிடித்துக் கடுதாசிக்கு மேலே தட்டினால் கறுப்பு மணி கொட்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில் பத்திரிகைத் தாளில் பரப்ப வேண்டும். காசித்தும்பைக்கு மட்டும் தனி மரியாதை. தொப்பி போட மறந்த காயைக் கோழிக்குஞ்சைப் பொத்துவது போலக் கையைக் குவித்துப் பொத்தித்தான் எடுக்க வேண்டும். தொட்டவுடன் வெடித்துச் சிதறுகிற பண்டம். நீங்கள் எடுத்தால் கைக்குள் வெடிக்கும். நான் எடுத்தால் என் கண்ணில் வெடிக்கும்.

"அவசரப்படுறீங்க தம்பி. அது தானா வரும்."

"எனக்குக் கடை திறக்கணும் அண்ணன்."

"காய்க்குக் கடை இல்லத்தானே."

எடுத்த விதையை அன்றன்றைய நாட்காட்டித் தாளில் மடிப்பீர்கள். தனியாகத் திகதி எழுதத் தேவையில்லை, தாளிலேயே கிடக்கும் என்பது உங்கள் கணக்கு. இராகு காலம், வாரசூலை, அன்றைய இராசிபலன் எல்லாம் சேர்த்து ஒரு செவ்வந்தி விதைக்குக் கிடைக்கும். ஒருமுறை நீங்கள் தந்த மடிப்பில் என் இராசிக்கு 'ஏமாற்றம்' என்று போட்டிருந்தது. வேண்டுமென்றே அந்தத் தாளைத் தேடி எடுத்தீர்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

சித்திரையில் எடுத்த விதையை ஐப்பசி மழை வரைக்கும் காப்பாற்றுவதுதான் இதில் வேலை. இடையில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள், வாவியின் ஈரம், எறும்பு. "என்ட போத்தலுக்குள்ளேயே உங்கடையும் கிடக்கட்டும் தம்பி" என்றீர்கள். என் விதை உங்கள் போத்தலில் கிடந்து பூத்தால் அது யார் பூ? மாட்டேன் என்றேன். "அப்ப போத்தலுக்குள்ள அரிசி வறுத்துப் போடுங்க. ஈரத்த இழுக்கும்" என்றீர்கள்.

போட்டேன். வருஷா வருஷம் போட்டேன். ஐப்பசியில் விதைத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் நாற்றெல்லாம் இரட்டை இலை விட்டுச் சிரிக்கும்போது என் பாத்தி மொட்டை அடித்த தலை போலக் கிடந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரகசியமாக மனைவியிடம் சொன்னேன்.

"உன்ட அத்தான் விதைய அவிச்சுப்போட்டுத்தான் எனக்குத் தாறார்."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அவர் என்னத்துக்கு அவிக்க? உங்கட எரிச்சலில அவிஞ்சிருக்கும்."

அதற்கு அடுத்த சித்திரையில்தான் உண்மை வெளித்தது. நான் குசினியில் அரிசி வறுத்துக்கொண்டு நிற்கையில் நீங்கள் ஏதோ கேட்க வந்தீர்கள். தாச்சியிலிருந்து சுடச்சுட அரிசியைப் போத்தலில் கொட்டி, அதற்கு மேலே விதை மடிப்புகளை அடுக்கி, ஈரம் புகாதபடி இறுக்கி மூடி, மெழுகும் வார்த்தேன். என் சுறுசுறுப்பை நீங்கள் பார்க்கட்டும் என்று கொஞ்சம் வேகமாகவே செய்தேன். நீங்கள் போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். உள்ளே கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது. சிரிக்கக் கூடாது என்று நீங்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். முடியவில்லை.

"தம்பி, இது விதைப் போத்தல் இல்ல. புட்டுக்குழல்."

ஆற வைக்க வேண்டும் என்பதை ஏன் முதலே சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். அரிசியைக் குழந்தை நெற்றி போலக் குளிரும் மட்டும் ஆறவிட வேண்டும் என்பது எவருக்கும் தெரிந்ததுதானே என்றீர்கள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் உங்கள் மேல் பழி போட்ட காரியத்தை இத்தனை வருஷமும் என் கையாலேயே செய்துகொண்டிருந்திருக்கிறேன். அந்தப் புட்டுக் கதையை நீங்கள் மாமியிடம் சொன்னீர்களா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மாமி வீட்டிலிருந்து புட்டு வந்தது. தற்செயல் என்றாள் மனைவி.

அடுத்த வருஷம் அரிசி ஆறியது. விதை முளைத்தது. ஜிம்மி படுத்தான்.

கலியாணமான அடுத்த வருஷமே எங்கள் வீட்டுக்கு நாய் வந்துவிட்டது. ஒன்று போனால் ஒன்று வரும், எல்லாவற்றுக்கும் ஜிம்மி என்றே பெயர். அது முதலாவதா இரண்டாவதா என்று நினைவில்லை, நனைத்த மணல் குளிர்ச்சியாக இருக்கிறதென்று நாற்றுப் பாத்தியில் வட்டமாகச் சுருண்டு படுத்தது. அதைக்கூடப் பொறுத்தேன். பொறுக்க முடியாதது வேறொன்று. சோறு போடுகிறவன் நான். ஆனால் உங்கள் குரல் கேட்டால் வேலிப் பொட்டால் நுழைந்து ஓடிப்போய் உங்கள் காலில் உரஞ்சும். உங்கள் வெள்ளைச் சாரத்தில் மயிர் ஒட்டும். "உங்கட நாய்க்குப் பாசம் கூட தம்பி" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் அதன் காதுக்குப் பின்னால் சொறிவீர்கள். மாமிதான் உங்கள் பக்கம் என்றால் நாயுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மினக்கெட்டு, வேலியிலிருந்த பொட்டெல்லாம் கம்பி வைத்து அடைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஜிம்மிமார் எவரும் உங்கள் பக்கம் கால் வைத்ததில்லை. நான் வாழ்க்கையில் உங்களை வென்ற ஒரே இடம் அதுதான்.

பிறகு சில வருஷம் நாலைந்து செவ்வந்தியாவது பூத்தது. முதல் பூ விரிந்த அன்று வெள்ளனவே குளித்துச் சேட்டுப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றேன். மாமி தட்டத்தோடு கிணற்றடியில் தோன்றினார். என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், "ஆ, பூத்திரிக்கு" என்றார். வலப்பக்கம் திரும்பினார்.

பெருவெள்ளம் வந்த வருஷத்தையும் சொல்லவேண்டும். வாவி வளவுக்குள் ஏறிய இரவு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். நான் தோளில் டீவியைச் சுமந்தேன். நீங்கள் ஒரு சின்னப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாமியின் கையைப் பிடித்து நடந்தீர்கள். அக்காவின் நகையாக்கும் என்று நினைத்தேன். வகுப்பறையில் பையைத் திறந்தால் விதைப் போத்தல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வெள்ளம் வற்றியது. டீவி செத்தது. மாசியில் உங்கள் முற்றம் எப்போதும் போலப் பூத்தது. அந்த வருஷம் ஊரில் வேறெங்கும் பூவில்லை. கோயிலுக்கே உங்கள் வீட்டுப் பூதான் போனது. கோயில் தலைவர் உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார். டீவியைத் தூக்கியவனைப் பற்றி எந்தக் கோயிலில் சொல்லப் போகிறார்கள்?

கடைசியாக நாங்கள் கதைத்ததும் வேலியடியில்தான். நீங்கள் காய்களுக்குத் தொப்பி கட்டிக்கொண்டிருந்தீர்கள். நூல் பிடிபடவில்லை.

"தம்பி, இந்த முறை நீங்க எடுங்களன். எனக்குக் கை நடுங்குது."

நக்கல் பண்ணுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். என் கை பட்டால் எல்லாம் வெடிக்கும் என்பது வளவுக்கே தெரிந்த கதையல்லவா?

"என்ட கண்ணில வெடிக்கிறதப் பாக்க ஆசையாக்கும் அண்ணன்."

சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டே கடை திறக்கப் போய்விட்டேன். அந்தக் கிழமைக்குள்ளேயே நெஞ்சு நோவென்று கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது நீங்கள் கதைக்கவில்லை.

உங்கள் செத்தவீட்டிலும் நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்கள். நீங்கள்தான் நம்புவீர்கள். வந்தாறுமூலையிலிருந்து வந்த ஒரு பெண், "ஐயா தந்த விதைதான் எங்கட வாசலெல்லாம் பூத்துக் கிடக்கு" என்று அழுதாள். செங்கலடிச் சந்தையில் மரக்கறி விற்கிறவர் தன் வளவிலேயே பூத்த உங்கள் வாடாமல்லியைத் தானே கட்டி மாலையாகக் கொண்டுவந்தார். நான் கொண்டுவந்தது கடை மாலை. அதில் பாதி பிளாஸ்டிக். வந்தவர்கள் எல்லோருக்கும் நீங்கள் தந்த விதை முளைத்திருக்கிறது. வேலிக்கு அங்கால் இருந்த எனக்கு மட்டும் அவிந்திருக்கிறது. பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் எனக்கு இடம் கிடைத்தது. அதிலும் ஒரு பெருமை வந்து போனதென்று எழுதக் கை கூசுகிறது.

ஐப்பசியில் முதல் மழைக்கு உங்கள் போத்தலைத் திறந்தேன். வேட்டியிலிருந்து பொறுக்கியதையும் சேர்த்து, உங்கள் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்தேன். நாட்காட்டித் தாள்களில் நீங்கள் இருந்த நாட்கள். ஜிம்மியைப் பூக்கும் மட்டும் கட்டி வைத்தேன். காலையில் கடைக்குப் போகமுன் ஒருதரம், வந்து ஒருதரம் பாத்தியில் குந்தியிருந்தேன். வாடிக்கையாளர் வந்து கடை பூட்டிக் கிடந்ததென்று குறை சொன்னார்கள். காய்க்குக் கடை இல்லத்தானே என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை.

எல்லாம் முளைத்தது, அண்ணன். சீனியா, செவ்வந்தி, கோழிக்கொண்டை, எல்லாம். மார்கழிக் கடைசியில் காசித்தும்பை மொட்டு அவிழ்ந்தது. வெள்ளையில் ஊதாத் தெறிப்பு, அதே அடுக்கு. றோட்டால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"வாங்கல்ல. போன வருஷத்துப் பூதான் இது."

நீங்கள் மூச்சு விடுகிற அதே இடத்தில் நானும் விட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அவர் தடிமன் என்று நினைத்திருப்பார். ஜிம்மியையும் அவிழ்த்துவிட்டேன். அவனும் நான்கு மூலைக்கும் ஓடிக் கொண்டாடினான்.

உங்கள் முற்றத்தில் இந்த வருஷம் அக்கா ஒன்றும் விதைக்கவில்லை. மனம் வரவில்லை என்றார். வேலியோரம் தொப்பியில்லாமல் வெடித்த காய்களிலிருந்து தானாக முளைத்த நாலு செடி மட்டும், மெலிந்து, கோணலாக நின்றன. என் பக்கம் கலியாண வீடு போல. அடுத்த நாள் காலை மாமி பித்தளைத் தட்டத்தோடு கிணற்றடியில் தோன்றினார். என் படலையைத் திறந்தே வைத்திருந்தேன். மாமி நின்றார். என் முற்றத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார். வலப்பக்கம் திரும்பினார்.

இருக்கிற மனிதர் மேல் பொறாமைப்படுவதில் ஒரு நம்பிக்கை உண்டு. என்றோ ஒருநாள் அவர் சறுக்கலாம், நாம் முந்தலாம். செத்தவரை எப்படி முந்துவது? நான் உங்கள் விதையை, உங்கள் முறைப்படி, உங்கள் வசனத்தோடு வளர்த்தேன். மாமியோ நீங்கள் விதைக்காத செடியில் போய்ப் பூ ஆய்ந்தார். ஒருநாள் நானே தட்டம் நிறையப் பூ ஆய்ந்து மாமியின் வாசலில் வைத்துப் பார்த்தேன். "சாமிக்கு நான் என்ட கையாலதான் ஆயணும்" என்று அதை அக்காவின் தலைவாசல் படத்துக்குக் கொடுத்தனுப்பினார். யார் படம்? உங்கள் படம். நான் வளர்த்த பூவும் கடைசியில் உங்களுக்கே வந்து சேர்ந்தது.

இன்று காலை அரிசி வறுத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்து, குளிரும் மட்டும் காத்திருந்தேன். கடை பிந்தித்தான் திறக்கும். நாட்காட்டித் தாளில் விதையை மடித்தேன். காசித்தும்பையைக் கையைக் குவித்துப் பொத்தி எடுத்தேன், ஒன்றுகூடக் கண்ணில் வெடிக்கவில்லை. பார்க்க நீங்கள் இல்லை, அதுதான் எரிச்சல். மெழுகு வார்த்துப் போத்தலை அலுமாரிக்கு மேலே, வெள்ளம் எட்டாத இடத்தில் வைத்தேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் போத்தலும், உங்கள் ஒரு வசனமும், இந்தப் பொறாமையும். மூன்றும் அடுத்த ஐப்பசிக்கும் முளைக்கும் போலத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் மடலை முடித்துக் கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தேன். மாமி உங்கள் பக்கமிருந்து திரும்பி வருவது தெரிந்தது. தட்டத்தில் கடைசிப் பூ இரண்டு மூன்று. என் படலைக்கு அங்காலேயே நின்று எட்டிப் பார்த்து, "வடிவாப் பூத்துக் கிடக்கு மருமகன்" என்றார். இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்தது அப்படியே வெளியில் வந்துவிட்டது.

"அப்ப ஏன் மாமி, ஒருநாளும் எங்கட பக்கம் பூ ஆய வாறல்ல?"

மாமி என்னை வினோதமாகப் பார்த்தார்.

"எப்பிடி வாற? குளிச்சுப்போட்டு உள்ளுக்க வந்தா உங்கட நாய் ஓடிவந்து காலில உரஞ்சுது. மறுகா ஒருக்காக் குளிக்க இந்த வயசில ஏலுமா?"